கார்னோ (குடும்பப் பெயர்)

கார்னோ என்பது ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஆகும். இப்பெயரின் இறுதியில் உள்ள மெய்யெழுத்து பிரெஞ்சு மொழியில் ஒலிக்கப்படுவதில்லை. எழுத்தைப் பார்த்துச் சிலர் "கார்னாட்" என்று உச்சரிப்பதுண்டு. "கார்னோ" என்பதே சரியான ஒலிப்பு. இப்பெயரைக் கொண்டவர்களுள் பெரும்பாலோர் பிரான்சின் புர்கோன் பகுதியில் உள்ள நோலே என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஒரே குடும்பத்தின் வழிவந்தவர்கள். இக்குடும்பம் ஒரு புரட்சித் தலைவரையும், வெப்ப இயக்கவியலின் முன்னோடியையும், ஒரு கல்வி அமைச்சரையும், ஒரு குடியரசுத் தலைவரையும், ஒரு கனிமத்திற்குப் பெயர் தந்த வேதியியலாளரையும் மூன்று தலைமுறைகளுக்குள் அளித்தது.

"சாடி கார்னோ" என்ற பெயரில் இருவர் உள்ளனர். இயற்பியல் பாடநூல்களில் இடம்பெறுபவர் நிக்கோலா லெயோனார் சாடி கார்னோ (1796–1832). பிரான்சின் குடியரசுத் தலைவராக இருந்து 1894 ஆம் ஆண்டு கொலை செய்யப்பட்டவர் மரீ பிரான்சுவா சாடி கார்னோ (1837–1894). முன்னவர் பின்னவரின் பெரியப்பா ஆவார். இருவரும் பொறியியல் படித்தவர்கள், இருவரும் ஒரே கல்லூரியில் பயின்றவர்கள் என்பதால் இக்குழப்பம் எளிதில் நேர்கிறது.

லசார் கார்னோ

லசார் நிக்கோலா மார்கரீத் கார்னோ (மே 13, 1753 – ஆகஸ்டு 2, 1823) இக்குடும்பத்தின் புகழுக்கு அடித்தளமிட்டவர். நோலேயில் பிறந்த இவர் மெசியேர் நகரில் இருந்த அரச படைப்பொறியியல் பள்ளியில் பயின்றார். வரைகணித மேதை காசுபார் மோஞ்ச் அப்போது அங்கு ஆசிரியராக இருந்தார். பிரபுக் குலத்தில் பிறக்காத ஒருவர் அக்காலப் பிரெஞ்சுப் படையில் எட்டக்கூடிய உயரம் குறைவு. படைப்பொறியியல் பிரிவு அவ்விதிக்கு ஓரளவு விலக்காக இருந்தது; ஆனால் அங்கும் பதவி உயர்வு மிக மெதுவாகவே கிடைத்தது. புரட்சி தொடங்கிய 1789 இல், முப்பத்தாறு வயதான லசார் வெறும் கேப்டனாகவே இருந்தார்.

இந்த இடைக்காலத்தில் இவர் எழுதிய நூல் ஒன்று தனிக் கவனத்திற்கு உரியது. 1783 இல் வெளிவந்த அந்நூல் பொதுவாக இயந்திரங்களைப் பற்றியது. ஆலைச்சக்கரம், கப்பி, நெம்புகோல் என ஒவ்வொன்றாக விளக்காமல், எந்த இயந்திரத்திற்கும் பொருந்தும் விதி எது என்று அது கேட்டது. லசார் கண்ட விடை இதுதான்: உறுப்புகள் ஒன்றோடொன்று திடீரென மோதும்போதெல்லாம் இயக்க ஆற்றலின் ஒரு பகுதி வீணாகிறது. ஆகவே முழுப் பயன் பெற வேண்டுமானால் மோதலே நிகழாதவாறு இயக்கம் படிப்படியாக மாற வேண்டும். நீர்ச்சக்கரத்தில் நீர் அதிர்ச்சியின்றி நுழைய வேண்டும். வேகம் ஏதும் மிஞ்சாமல் வெளியேற வேண்டும். வெளிவந்த காலத்தில் இந்நூலை அதிகம் பேர் படிக்கவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இவருடைய மகன் எழுதிய நூலை விளங்கிக்கொள்ள இதுவே திறவுகோல்.

லசார் 1791 இல் சட்டமன்றத்திற்கும், 1792 இல் தேசிய மாநாட்டிற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மன்னர் பதினாறாம் லூயியின் மரண தண்டனைக்கு ஆதரவாக 1793 சனவரியில் வாக்களித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பொதுப் பாதுகாப்புக் குழுவின் உறுப்பினராகிப் போர்த்துறையைக் கவனிக்கத் தொடங்கினார். ஆஸ்திரியா, பிரசியா, பிரித்தானியா, ஸ்பெயின் ஆகிய நாடுகள் ஒருசேரப் பிரான்சைத் தாக்கிக் கொண்டிருந்த நேரம் அது. திருமணமாகாத இளைஞர் அனைவரையும் படையில் சேர்க்கும் ஆணை 1793 ஆகஸ்டு 23 அன்று பிறப்பிக்கப்பட்டது. ஆணை பிறப்பிப்பது எளிது; திரண்டவர்களுக்கு உணவும் உடையும் துப்பாக்கியும் தருவதும், பழைய படைவீரருடன் அவர்களை ஒரே அணியில் இணைப்பதும், எந்தப் படை எங்கே செல்ல வேண்டும் என்று முடிவு செய்வதும் கடினம். இப்பணியின் பெரும்பகுதியை லசார் ஏற்றார். 1794 இல் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பிரெஞ்சுப் படையில் இருந்தனர். 1793 அக்டோபரில் நடந்த வாத்தின்யிப் போரில் தளபதி சூர்தானுடன் இவரும் நேரில் களத்தில் நின்றார்.

பாரிஸ் – லீல் நகரங்களுக்கிடையே அமைக்கப்பட்ட கிளோத் சாப்பின் காட்சித் தந்தி 1794 இல் செயல்படத் தொடங்கியது. கோபுரங்களின் மேல் அசையும் கைகளைக் கொண்டு செய்தி அனுப்பும் முறை இது. கோந்தே கோட்டை மீட்கப்பட்ட செய்தி இதன் வழியே வந்து சேர, அதை மாநாட்டில் எழுந்து அறிவித்தவர் லசார் கார்னோவே.

பொதுப் பாதுகாப்புக் குழுவின் பெயர் "பயங்கர ஆட்சி" எனப்படும் காலத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்துள்ளது. லசாரின் ஆதரவாளர்கள் இவரைப் போர்த்துறையோடு நின்ற பொறியியலாளராகவே காட்டுவர். அது முழு உண்மையன்று. குழுவின் பல ஆணைகளில் இவருடைய கையொப்பம் உள்ளது. தாந்தோனைக் கைது செய்யும் ஆணையும் அவற்றுள் ஒன்று. அதே வேளையில் ரோபெசுபியர், சான் சுயுஸ்து ஆகியோரோடு இவர் கடுமையாக மோதினார் என்பதும் 1794 சூலையில் அவர்களது வீழ்ச்சிக்குத் துணைநின்றார் என்பதும் வரலாறு. மறு ஆண்டு குழுவின் பழைய உறுப்பினர்களைக் கைது செய்யும் பேச்சு எழுந்தபோது, இவர் "வெற்றியை ஒழுங்கமைத்தவர்" என்று மாநாட்டில் ஒரு குரல் எழுந்ததாகவும், அதனால் இவர் தப்பினார் என்றும் கூறப்படுகிறது. அத்தொடரே பின்னர் இவருடைய பட்டப்பெயராக நிலைத்தது.

1794 இல் நிறுவப்பட்டு, மறு ஆண்டு எக்கோல் பொலிதெக்னிக் என்று பெயர் பெற்ற பொறியியல் கல்லூரியின் தோற்றத்தில் மோஞ்சோடு இவருக்கும் பங்குண்டு. 1795 முதல் ஐவர் கொண்ட இயக்குநர் குழுவில் ஒருவராக இருந்தார். 1797 செப்டம்பர் 4 அன்று நடந்த ஆட்சிக் கவிழ்ப்பில் தப்பியோடி, சுவிட்சர்லாந்திலும் செருமனியிலும் அடைக்கலம் புகுந்தார். பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் இவர் வகித்த இடம் பறிக்கப்பட்டு, அதே ஆண்டு டிசம்பரில் வேறொருவருக்கு அளிக்கப்பட்டது. அந்த வேறொருவர் நெப்போலியன் பொனபார்ட்.

நெப்போலியன் ஆட்சிக்கு வந்தபின் நாடு திரும்பி 1800 இல் சில மாதங்கள் போர் அமைச்சராக இருந்தார். ஆயினும் 1802 இல் நெப்போலியனுக்கு வாழ்நாள் பதவி அளிப்பதையும், 1804 இல் பேரரசர் பட்டம் சூட்டுவதையும் எதிர்த்து வாக்களித்தார். பின்னர் அரசியலை விட்டு விலகிக் கணிதத்தில் ஈடுபட்டார். நுண்கணிதத்தின் அடிப்படைகளைப் பற்றி இவர் 1797 இல் எழுதிய நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1803 இல் வெளிவந்த வடிவியல் நூல் இவருடைய முதன்மைக் கணிதப் படைப்பாகக் கருதப்படுகிறது. ஒரு குறுங்கோண முக்கோணத்தின் சுற்றுவட்ட மையத்திலிருந்து மூன்று பக்கங்களுக்கும் உள்ள தொலைவுகளைக் கூட்டினால், சுற்றுவட்ட ஆரமும் உள்வட்ட ஆரமும் சேர்ந்த தொகை கிடைக்கும். இது கார்னோ தேற்றம் என வழங்கப்படுகிறது. கோட்டை அரண்களில் துப்பாக்கித் துளைகளுடன் தனித்து நிற்கும் ஒருவகைச் சுவருக்கும் "கார்னோ சுவர்" என்று பெயர்.

1814 இல் பிரான்சு தோற்கும் நிலையில் இருந்தபோது லசார் தாமே முன்வந்து ஆண்ட்வெர்ப் கோட்டையின் பாதுகாப்பை ஏற்றார். 1815 இல் நெப்போலியனின் நூறு நாள் ஆட்சியில் உள்துறை அமைச்சரானார். அப்போது தொடக்கக் கல்வியைப் பரப்ப "ஒருவருக்கொருவர் கற்பித்தல்" என்னும் முறையைப் பரிந்துரைத்தார். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் இம்முறையை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் ஆண்ட்ரூ பெல். இவர் சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்தியபோது, உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு இம்முறையை வகுத்தார். இங்கிலாந்தில் அதற்கு "சென்னை முறை" என்றே பெயர் வழங்கியது. தமிழகத் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

வாட்டர்லூவுக்குப் பின் மன்னராட்சி மீண்டது. மன்னரின் கொலைக்கு வாக்களித்தவர் என்ற வகையில் லசார் நாடு கடத்தப்பட்டார். முதலில் வார்சாவிலும், பின்னர்ப் பிரசியாவின் மக்டபர்க் நகரிலும் வாழ்ந்து அங்கேயே இறந்தார். 1889 இல் இவருடைய எச்சங்கள் பாரிஸ் பாந்தியனுக்குக் கொண்டுவரப்பட்டன. அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் இவருடைய பேரன்.

லசாரின் அண்ணன் சோசப் பிரான்சுவா கிளோத் கார்னோ (1752–1835) குற்றவியல் சட்ட அறிஞர். தம்பி கிளோத் மரீ கார்னோ-பெலான் (1755–1836) படைப்பொறியியலாளர். அண்ணனோடு 1791 சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார்.

சாடி கார்னோ (இயற்பியலாளர்)

நிக்கோலா லெயோனார் சாடி கார்னோ (சூன் 1, 1796 – ஆகஸ்டு 24, 1832) லசாரின் மூத்த மகன். தந்தை இயக்குநர் குழுவில் இருந்தபோது பாரிசின் சிறிய லக்சம்பர்க் மாளிகையில் பிறந்தார். பாரசீகக் கவிஞர் சஅதியின் மீது லசாருக்கு இருந்த ஈடுபாட்டால் இப்பெயர் சூட்டப்பட்டது. 1812 இல், பதினாறு வயதில், எக்கோல் பொலிதெக்னிக்கில் சேர்ந்தார். பின்னர் மெத்சு நகரில் படைப்பொறியியல் பயின்று அதிகாரியானார். நாடு கடத்தப்பட்டவரின் மகனுக்குப் படையில் எதிர்காலம் இல்லை. 1819 இல் பாதி ஊதியத்துடன் நீண்ட விடுப்பில் பாரிசில் தங்கித் தாமாகவே இயற்பியலும் பொருளியலும் படிக்கத் தொடங்கினார். 1821 இல் மக்டபர்க் சென்று தந்தையைச் சந்தித்தார்.

1824 இல் இவருடைய ஒரே நூல் பாரிசில் வெளிவந்தது. நெருப்பின் இயக்குதிறனைப் பற்றிய சிந்தனைகள் என்பது அதன் தலைப்பின் பொருள். 118 பக்கங்கள் கொண்ட அச்சிறு நூல் ஏறத்தாழ 600 படிகள், ஆசிரியரின் சொந்தச் செலவில், அச்சிடப்பட்டதாகக் கூறப்படுகிறது.

அக்காலத்தில் நீராவி இயந்திரங்களில் இங்கிலாந்தே முன்னணியில் இருந்தது. வாட், திரெவிதிக், வூல்ப் ஆகியோர் செய்முறை அறிவைக் கொண்டு அவற்றை மேம்படுத்தி வந்தனர். எவ்வளவு மேம்படுத்தலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டா, நீராவிக்குப் பதிலாக வேறு வளிமத்தைப் பயன்படுத்தினால் கூடுதல் பயன் கிடைக்குமா என்ற கேள்விகளுக்கு எவரிடமும் விடை இல்லை. சாடி கார்னோ இக்கேள்விகளைப் பொது வடிவில் எழுப்பினார். தந்தை நீர்ச்சக்கரத்தைப் பார்த்த விதத்தில் மகன் நீராவி இயந்திரத்தைப் பார்த்தார் எனலாம். நீர் உயரத்திலிருந்து தாழ்வுக்கு விழும்போது வேலை கிடைப்பது போல, வெப்பம் உயர் வெப்பநிலையிலிருந்து தாழ் வெப்பநிலைக்கு "விழும்"போதுதான் வேலை கிடைக்கிறது. சூடான பொருள் மட்டும் போதாது; குளிர்ந்த பொருளும் வேண்டும். நீர்ச்சக்கரத்தில் மோதல் எப்படி இழப்போ, அப்படியே வெப்ப இயந்திரத்தில் வெவ்வேறு வெப்பநிலையில் உள்ள பொருள்கள் நேரடியாகத் தொடுவது இழப்பு. அத்தொடுகையால் வெப்பம் வேலை எதுவும் செய்யாமலே கீழிறங்கிவிடுகிறது.

இந்த இழப்பு அறவே இல்லாத கருத்தியல் இயந்திரம் ஒன்றை இவர் வகுத்தார். அதுவே கார்னோ இயந்திரம். அதன் செயல்பாடு கார்னோ சுழற்சி. உருளைக்குள் அடைபட்ட வளிமம் முதலில் வெப்ப மூலத்தைத் தொட்டுக்கொண்டே, வெப்பநிலை மாறாமல் விரிகிறது. அடுத்து மூலத்திலிருந்து பிரிக்கப்பட்டு, வெப்பப் பரிமாற்றம் இன்றி மேலும் விரிந்து குளிர்கிறது. மூன்றாவதாக வெப்ப ஏற்பியைத் தொட்டுக்கொண்டு, வெப்பநிலை மாறாமல் சுருக்கப்படுகிறது. இறுதியில் வெப்பப் பரிமாற்றம் இன்றிச் சுருக்கப்பட்டுத் தொடக்க நிலையை அடைகிறது. எல்லாப் படிகளும் மிக மெதுவாக நடப்பதால் சுழற்சியை அப்படியே எதிர்த்திசையிலும் இயக்க முடியும். எதிர்த்திசையில் இயங்கும் வெப்ப இயந்திரம் என்பது, இன்றைய சொல்லில், குளிர்பதனப் பெட்டி.

இதைவிடத் திறமிக்க இயந்திரம் இருக்க முடியாது என்பதற்கு இவர் தந்த நிறுவல் மிக எளியது. அப்படி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது தரும் வேலையின் ஒரு பகுதியைக் கொண்டு கார்னோ இயந்திரத்தை எதிர்த்திசையில் இயக்கினால், கீழே விழுந்த வெப்பம் முழுவதையும் மேலே ஏற்றிவிடலாம். அதன் பிறகும் வேலை மிஞ்சும். எரிபொருள் இன்றி என்றென்றும் வேலை தரும் பொறி உருவாகிவிடும், அது நடவாது. ஆகவே பெறக்கூடிய உச்சப் பயன் இரு வெப்பநிலைகளை மட்டுமே பொறுத்தது. உள்ளே இருப்பது நீராவியா காற்றா என்பதைப் பொறுத்தது அன்று.

இன்றைய வடிவில் இவ்விதியைக் கூறினால், ஏற்பியின் வெப்பநிலையை மூலத்தின் வெப்பநிலையால் வகுத்து (இரண்டும் கெல்வினில்), கிடைக்கும் எண்ணை ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். மூலம் 100 பாகை செல்சியசிலும் ஏற்பி 30 பாகையிலும் இருந்தால், 373 மற்றும் 303 கெல்வின். உச்சப் பயனுறுதிறன் ஏறத்தாழ 19 விழுக்காடு. மூலத்தை 550 பாகைக்கு உயர்த்தினால் அது 63 விழுக்காடு ஆகிறது. அனல்மின் நிலையங்கள் மேன்மேலும் உயர்ந்த வெப்பநிலையில் நீராவியைப் பயன்படுத்த முனைவதன் காரணம் இதுவே. கார்னோ எல்லையை நெருங்கும் இயந்திரத்தைச் செய்யும் முயற்சியிலிருந்தே ருடோல்ப் டீசலின் எஞ்சினும் பிறந்தது. 1893 இல் டீசல் வெளியிட்ட நூல் இந்நோக்கத்தைக் கொண்டது.

நூல் வெளிவந்தபோது பெரும்பாலும் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பொறியியலாளருக்கு அது மிகவும் கருத்தியலாகவும், இயற்பியலாளருக்கு நீராவிப் பொறி பற்றிய நூலாகவும் தோன்றியிருக்கலாம். 1832 கோடையில் சாடி கார்னோ நோய்வாய்ப்பட்டார். உடல் தேறாத நிலையில், அவ்வாண்டு பாரிசில் பரவிய காலரா இவரைத் தாக்கியது. முப்பத்தாறாம் வயதில் இறந்தார். இவ்ரியில் அடக்கம் செய்யப்பட்டார். தொற்று அச்சத்தால் இவருடைய உடைமைகளோடு தாள்களுள் பெரும்பாலானவையும் எரிக்கப்பட்டன என்பர்.

1834 இல் எமில் கிளாப்பெரான் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் இக்கருத்துகளை அழுத்தம்–கனஅளவு வரைபடத்தின் துணையோடு எழுதினார். இன்று பாடநூல்களில் காணப்படும் நான்கு வளைகோட்டுப் படம் கிளாப்பெரானுடையது. சாடி கார்னோ அதை வரையவில்லை. கிளாப்பெரானின் கட்டுரையைப் படித்த வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) 1845 இல் பாரிசில் தங்கியிருந்தபோது மூலநூலைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினார். கார்னோ என்ற பெயரைக் கேட்டதும் கடைக்காரர்கள் எடுத்துக் கொடுத்தவை சமூகச் சிக்கல்கள் பற்றிய நூல்கள். அவை தம்பி இப்போலித் கார்னோ எழுதியவை. பெயர் ஒன்றாக இருந்ததால் நேர்ந்த இக்குழப்பத்தைத் தாம்சனே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். சில ஆண்டுகளுக்குப் பின் கிளாஸ்கோ பேராசிரியர் லூயிஸ் கார்டன் வழியாகத்தான் நூல் அவருக்குக் கிடைத்தது. கார்னோவின் கொள்கையிலிருந்தே 1848 இல் தாம்சன் தனிவெப்பநிலை அளவுகோலை வகுத்தார்.

சாடி கார்னோவின் நூலில் ஒரு பிழை இருந்தது. வெப்பம் என்பது அழியாத ஒரு பாய்பொருள் (கலோரிக்) என்ற அக்காலக் கருத்தை அது ஏற்றிருந்தது. நீர்ச்சக்கரத்தில் விழும் நீர் குறைவதில்லை; ஆனால் வெப்ப இயந்திரத்தில் வெப்பத்தின் ஒரு பகுதி வேலையாக மாறி மறைகிறது. 1850 இல் ருடோல்ப் கிளாசியஸ் இப்பிழையை நீக்கியும் கார்னோவின் முடிவு நிலைநிற்பதைக் காட்டினார். அதிலிருந்தே வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியும், 1865 இல் என்ட்ரோபி என்னும் கருத்தும் உருவாயின.

பிழையைச் சாடி கார்னோ தாமே கண்டுகொண்டிருந்தார் என்பது 1878 இல்தான் உலகிற்குத் தெரிந்தது. நூலின் மறுபதிப்போடு, எஞ்சியிருந்த கையெழுத்துக் குறிப்புகளைத் தம்பி இப்போலித் அவ்வாண்டு வெளியிட்டார். அவற்றில் சாடி கலோரிக் கொள்கையைக் கைவிட்டு, வெப்பம் என்பது இயக்கமே என்று எழுதியிருந்தார். ஒரு குறிப்பிட்ட அளவு வெப்பம் எவ்வளவு வேலைக்குச் சமம் என்பதற்கு ஏறத்தாழச் சரியான ஓர் எண்ணையும் தந்திருந்தார். இக்கண்டுபிடிப்பு இராபர்ட் மாயர் (1842), ஜேம்ஸ் ஜூல் (1843) ஆகியோரின் பெயரில் வழங்குகிறது. அக்குறிப்புகள் நாற்பத்தாறு ஆண்டுகள் வீட்டிலேயே கிடந்திருக்கின்றன.

இப்போலித் கார்னோ

லசார் இப்போலித் கார்னோ (ஏப்ரல் 6, 1801 – மார்ச் 16, 1888) லசாரின் இளைய மகன். தந்தையோடு நாடுகடந்து சென்று, அவர் இறக்கும்வரை உடனிருந்தவர். பிரான்சு திரும்பியபின் சான் சிமோனின் சமூகச் சிந்தனையில் ஈடுபட்டார். 1848 புரட்சியில் கல்வி அமைச்சரானார். ஆண், பெண் இருபாலருக்கும் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி அளிக்கும் சட்டவரைவை அவ்வாண்டு சூன் இறுதியில் முன்வைத்தார். சில நாட்களிலேயே, சார்ல் ரெனூவியே எழுதிய குடியரசுக் கையேடு ஒன்றை அமைச்சகம் பரப்பியதன் பேரில் எழுந்த எதிர்ப்பால் பதவி இழந்தார். அவர் கேட்டது முழுமையாக நிறைவேற 1881–82 ஆம் ஆண்டுகளின் சூல் பெரி சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அரசு அலுவலர்களைப் பயிற்றுவிக்க அவர் தொடங்கிய பள்ளியும் மறு ஆண்டே மூடப்பட்டது.

மூன்றாம் நெப்போலியனுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்ததால், தேர்தலில் வென்றும் 1852 இல் நாடாளுமன்றத்தில் அமர இயலாது போனார். தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் இவரே. ஆகவே லசார், சாடி ஆகிய இருவரைப் பற்றியும் நாம் அறிபவற்றில் பெரும்பகுதி இவர் கைவழியாக வந்தது. அன்பு மிகுந்த மகனும் தம்பியும் எழுதியது என்ற நினைவோடு அவற்றைப் படிப்பது நல்லது.

மரீ பிரான்சுவா சாடி கார்னோ (குடியரசுத் தலைவர்)

இப்போலித்தின் மூத்த மகனான இவர் (ஆகஸ்டு 11, 1837 – சூன் 25, 1894) லிமோசு நகரில் பிறந்தார். எக்கோல் பொலிதெக்னிக்கில் பயின்று, பாலங்கள் மற்றும் சாலைகள் துறையில் பொறியியலாளராக ஆன்சி நகரில் பணியாற்றினார். 1871 இல் அரசியலுக்கு வந்து, பொதுப்பணி அமைச்சராகவும் நிதி அமைச்சராகவும் இருந்தார்.

குடியரசுத் தலைவர் சூல் கிரேவியின் மருமகன் அரசு விருதுகளை விலைக்கு விற்ற ஊழல் 1887 இல் வெளிப்பட, கிரேவி பதவி விலகினார். அவ்வாண்டு டிசம்பர் 3 அன்று கார்னோ தேர்ந்தெடுக்கப்பட்டார். பெரிய தலைவர்கள் ஒருவரையொருவர் தடுத்துக்கொண்ட போட்டியில், கறைபடாத பெயர் என்பதே இவருடைய வலிமையாக இருந்தது. தந்தை இப்போலித் அதைக் கண்டு மூன்று மாதங்களுக்குப் பின் இறந்தார். தளபதி புலாஞ்சேயால் குடியரசுக்கு நேர்ந்த நெருக்கடி, ஈபெல் கோபுரம் திறக்கப்பட்ட 1889 உலகக் கண்காட்சி, பனாமாக் கால்வாய் ஊழல், ருசியாவுடனான கூட்டணி ஆகியவை இவருடைய பதவிக்கால நிகழ்வுகள்.

நாடாளுமன்றத்தில் வெடிகுண்டு வீசிய அரசின்மைவாதி ஒகுஸ்த் வையானுக்கு மன்னிப்பு வழங்க இவர் மறுத்தார். வையான் 1894 பிப்ரவரியில் தலை துண்டிக்கப்பட்டான். அக்குண்டில் எவரும் கொல்லப்படவில்லை என்பதால் தண்டனை மிகையானது என்ற கருத்து அப்போதே இருந்தது. 1894 சூன் 24 மாலை, லியோன் நகரில் விருந்து முடிந்து திறந்த வண்டியில் நாடக அரங்கிற்குச் சென்றுகொண்டிருந்த குடியரசுத் தலைவரை, சாந்தே செரோனிமோ காசெரியோ என்னும் இருபது வயது இத்தாலிய அரசின்மைவாதி கத்தியால் குத்தினான். நள்ளிரவுக்குப் பின் அவர் உயிர் பிரிந்தது. லியோனில் இத்தாலியர்களின் கடைகள் தாக்கப்பட்டன. அரசின்மைவாதப் பரப்புரையை ஒடுக்கும் கடுஞ்சட்டம் ஒன்று சூலையில் நிறைவேறியது. காசெரியோவுக்கு ஆகஸ்டு 16 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பாந்தியனில் பாட்டனாரோடு இவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

இக்கொலைக்கு மருத்துவ வரலாற்றில் ஒரு தொடர்ச்சி உண்டு. கத்தி கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரையை வெட்டியிருந்தது. அறுபட்ட இரத்தக் குழாயை நம்பகமாகத் தைக்கும் முறை அன்று மருத்துவரிடம் இல்லை. லியோனில் மருத்துவம் பயின்றுவந்த அலெக்சி காரெல் இதனால் தூண்டப்பட்டு, பூத்தையல் கலைஞர் ஒருவரிடம் நுண்தையல் பழகி, 1902 இல் இரத்தக் குழாய்களை இணைக்கும் தமது முறையை வெளியிட்டதாகக் கூறப்படுகிறது. 1912 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உறுப்பு மாற்று அறுவை இத்தையல் முறையின் மேல்தான் எழுந்தது.

இவருடைய மக்களுள் எர்னெஸ்த், பிரான்சுவா இருவரும் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருந்தனர்.

அடோல்ப் கார்னோ

மரீ அடோல்ப் கார்னோ (1839–1920) குடியரசுத் தலைவரின் தம்பி; வேதியியலாளர், சுரங்கப் பொறியியலாளர். பாரிஸ் சுரங்கப் பள்ளியின் இயக்குநராக இருந்தார். 1901 இல் தோன்றிய சனநாயகக் கூட்டணி என்னும் அரசியல் கட்சியின் முதல் தலைவரும் இவரே. அமெரிக்காவின் கொலராடோவில் கிடைத்த மஞ்சள் நிறக் கனிமம் ஒன்றிற்கு 1899 இல் இவர் நினைவாகக் கார்னோடைட்டு என்று பெயரிடப்பட்டது. பொட்டாசியம், யுரேனியம், வனேடியம் ஆகியவை அடங்கிய இது கதிரியக்கம் உடையது. 1921 இல் அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி மேரி கியூரிக்கு அளித்த ஒரு கிராம் ரேடியம் இக்கனிமத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே.

இப்பெயர் கொண்ட பிறர்

பால் கார்னோ (1869–1957) பிரெஞ்சு மருத்துவர். 1906 இல் கிளோத்தில்து டெப்லாந்துருடன் இணைந்து, இரத்தம் இழந்த முயலின் குருதிநீரை வேறொரு முயலுக்குச் செலுத்தினால் அதன் சிவப்பணுக்கள் பெருகுவதாக அறிவித்தார். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் பொருள் ஒன்று குருதியில் உண்டு என்று இதிலிருந்து ஊகித்தார். எரித்ரோபொயட்டின் எனப்படும் அவ்வியக்குநீர் 1977 இல்தான் தூய நிலையில் பிரிக்கப்பட்டது. சிறுநீரகச் செயலிழப்பால் இரத்தசோகை உற்றவர்களுக்கு இன்று மருந்தாகிறது.

மவுருசு கார்னோ (1865–1935) சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பெனடிக்டுத் துறவி. செருமன் மொழியிலும், பேசுவோர் மிகக் குறைந்த ரோமாஞ்சு மொழியிலும் எழுதியவர்.

பெயரிடல்

நிலவின் மறுபக்கத்தில் உள்ள கார்னோ குழிப்பள்ளம் இயற்பியலாளர் சாடி கார்னோவின் நினைவாகப் பெயரிடப்பட்டது. நடு ஆப்பிரிக்கக் குடியரசில் உள்ள கார்னோ நகரம் குடியரசுத் தலைவரின் பெயரைத் தாங்கியது. பாரிசில் உள்ள கார்னோ உயர்நிலைப் பள்ளிக்கும் அவர் பெயரே. அதற்கு முன் அது மோஞ்சின் பெயரில் இயங்கியது. தொழில்துறையோடு இணைந்து ஆய்வு செய்யும் நிறுவனங்களுக்குப் பிரெஞ்சு அரசு 2006 முதல் "கார்னோ நிறுவனம்" என்னும் தகுதியை அளித்து வருகிறது. பிரெஞ்சு நகரங்களில் கார்னோ பெயரிலான தெருக்கள் ஏராளம். அவற்றுள் பல, எந்தக் கார்னோ என்று பலகையில் குறிப்பிடுவதில்லை.